டிரைவர் வீட்டார் ஏறாத வண்டி

கோயமுத்தூருக்குத் தெற்கே, மதுக்கரை சிமெண்ட் ஆலையின் புகை தெரிகிற தூரத்தில் இருந்தது எங்கள் ஜங்ஷன். அதை ஊர் என்பதா, ஸ்டேஷன் என்பதா என்று எனக்கு இன்றுவரை தெளிவில்லை. மற்ற ஊர்களில் கோயிலைச் சுற்றித் தெருக்கள் இருக்கும். எங்களுக்கு ரயில்வே யார்டைச் சுற்றி இருந்தன. முதலில் தண்டவாளம் வந்தது. நீராவி இன்ஜினுக்குத் தண்ணீர் வேண்டுமே என்று கிணறு வெட்டினார்கள். கிணறு இருக்கிறதே என்று பக்கத்தில் குவார்ட்டர்ஸ் கட்டினார்கள். குவார்ட்டர்ஸில் ஆட்கள் இருக்கிறார்களே என்று டீக்கடையும் மளிகைக்கடையும் வந்தன. ஆக, ஒரு இன்ஜினின் தாகத்துக்காகப் பிறந்த ஊர். இதை நான் பெருமையாகத்தான் சொல்கிறேன். ராஜாக்களின் பெயரைச் சொல்லிக்கொள்ளும் பல ஊர்களுக்கு இவ்வளவு நேர்மையான காரணம் கிடையாது.

நாங்கள் இருந்தது டிரைவர்கள் வரிசையில். செங்கல் வீடுகள், தார் பூசிய கதவுகள், தெரு முழுக்க இன்ஜின் கொட்டிய கரிச்சாம்பல். மழை பெய்தால் சேறாகாது. அது ஒன்றுதான் அந்தச் சாம்பலின் நல்ல குணம். துணிக்கொடிக்குக் கம்பம், முருங்கை மரத்துக்கு முட்டு, பள்ளிக்கூடத்து மணி எல்லாமே வெட்டிப்போட்ட தண்டவாளத் துண்டுகள்தான். வண்டி போகும்போதெல்லாம் வீட்டுச் சுவர் லேசாக அதிரும். அந்த அதிர்வில் சாமி படங்கள் கொஞ்சம் கொஞ்சமாகச் சாயும். வெள்ளிக்கிழமை அம்மா எல்லாவற்றையும் நேராக்குவாள். அடுத்த வெள்ளிக்குள் முருகனும் லட்சுமியும் மறுபடியும் ஸ்டேஷன் பக்கம் சாய்ந்திருப்பார்கள். பக்கத்து வீட்டு ஏசுநாதர் படமும் அப்படித்தான் இருந்தது, அவர்கள் வீட்டு அம்மா அதை நேராக்குவது ஞாயிற்றுக்கிழமை.

ஆனி, ஆடி இரண்டு மாதமும் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும். அந்த நாட்களில் எங்கள் ஊரே அரைத்தூக்கத்தில் இருப்பதுபோல இருக்கும். கொடியில் புடவைகள் பறந்துகொண்டே காயும். மதுக்கரைப் பக்கமிருந்து வரும் வெள்ளைத் தூசி முருங்கை இலையில் படியும், தூறல் வந்து அதைக் கழுவும், மறுபடி படியும். யார்டில் கூட்ஸ் பெட்டிகள் அசையாமல் நிற்கும். ஆனால் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தால் பெட்டிகள் நிற்க, ஊர் நகர்கிற மாதிரி தோன்றும். பிற்பகல்களில் வாசற்படியில் உட்கார்ந்து நான் அந்த வேலையைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

"என்ன கண்ணு, முழிச்சுக்கிட்டே தூங்கறே?" என்பாள் அம்மா.

இந்த நினைவுகளிலும் பாதி அப்படி விழித்துக்கொண்டே தூங்கியபோது பார்த்தவைதான். அப்பா ஓட்டிய கடைசி வண்டியை மட்டும் நன்றாக விழித்திருந்து பார்த்தேன். அது தொண்ணூறுகளின் நடுவில், நான் கல்லூரியில் மூன்றாம் வருடம் படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது.

எங்கள் ஊரில் யாருக்கும் அது சொந்த ஊர் இல்லை. அப்பா கொடுமுடிக்காரர், காவிரியில் நீந்தி வளர்ந்தவர். அம்மாவுக்குக் கோபிசெட்டிபாளையம். நெல்லும் வாழையும் பார்த்த கண்ணோடு கரிச்சாம்பலுக்கு வாக்கப்பட்டு வந்தவள். பொங்கல் வந்தால் ஊர் காலியாகிவிடும். எல்லோரும் பாஸ் எழுதி வாங்கிக்கொண்டு அவரவர் ஊருக்குப் போய்விடுவார்கள். அதனாலோ என்னவோ, பழமை என்றால் எங்கள் ஜனங்களுக்கு ஒரு ஏக்கம். எதைக் கேட்டாலும் "அது வெள்ளக்காரன் காலத்துல இருந்தே இருக்குதுங்க" என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு நினைவு தெரிந்து நட்ட வேப்பமரத்துக்குக்கூட அந்தப் பதில்தான். வயது குறைந்த பையன் மீசை வரைந்துகொள்வதைப்போல ஊருக்கு வயதை வரைந்துகொண்டிருந்தார்கள்.

அப்படி வெள்ளைக்காரன் காலத்திலிருந்து இருப்பதாகச் சொல்லப்பட்ட வழக்கங்களில் ஒன்று, டிரைவர் ஓட்டும் வண்டியில் அவர் வீட்டு ஆள் ஏறக்கூடாது என்பது. மனைவி, பிள்ளைகள் யாரும் கூடாது. டிரைவர்கள் வரிசையில் இதை யாரும் மீறி நான் பார்த்ததில்லை. பொள்ளாச்சியில் பெரியம்மா வீட்டுக்குப் போக வேண்டுமென்றால் அம்மா முதல்நாளே விசாரித்துவிடுவாள், அந்தப் பாசஞ்சரை ஓட்டுவது யார் என்று. அப்பா என்றால் நாங்கள் பஸ்ஸில் போவோம். தெரியாமல் ஸ்டேஷனுக்கு வந்து, இன்ஜினில் அப்பாவின் தொப்பியைப் பார்த்துவிட்டால், வாங்கிய டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியை அனுப்பிவிட்டு நிற்போம். என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எல்லாம் என் அப்பா வண்டியில் கையாட்டிக்கொண்டு போவார்கள். நான் நிலக்கடலைப் பொட்டலத்தோடு பிளாட்பாரத்தில் நிற்பேன். எனக்கு அது ஆத்திரமாக இருக்கும். அப்பா எங்களைப் பார்த்தும் பார்க்காததுபோல் விசில் கொடுத்துவிட்டுப் போவார்.

கல்லூரியில் நான் சரித்திரம் எடுத்துப் படித்தேன். மூன்றாம் வருடம் திறந்தவுடன், அவரவர் ஊரின் வரலாற்றை விசாரித்து எழுதி வரும்படி பேராசிரியை சொன்னார். அவிநாசிக்காரி ஒருத்தியும் பேரூர்க்காரி ஒருத்தியும் கல்வெட்டுக்களைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் ஊரில் கல்வெட்டு என்றால் கிலோமீட்டர் கல்தான். அப்போதுதான் இந்த வழக்கத்தைப் பற்றி எழுதலாம் என்று எனக்குத் தோன்றியது. நூறு வருடமாக ஒரு ஊர் ஒரு கட்டுப்பாட்டைக் காப்பாற்றி வருகிறது என்றால் அதுவும் வரலாறுதானே. நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

ஓய்வுபெற்ற ரயில் கார்டு ஒருவர், இங்கிலீஷ் டிரைவர் ஒருவருடைய மனைவி வெள்ளைக் குடையோடு வண்டியில் ஏறியதையும், அவளைத் திரும்பிப் பார்த்த டிரைவர் சிக்னலைத் தவறவிட்டதையும் நேரில் கண்டவர்போலச் சொன்னார். எந்த வருடம் என்று கேட்டதற்கு, "அதெல்லாம் நாம பொறக்கறதுக்கு முன்னாலம்மா" என்றார். ஸ்டேஷன் வாசலில் டீக்கடை வைத்திருந்த பாய், குடை கிடையாது, குழந்தை என்றார். ஜன்னலில் கையாட்டிய குழந்தை. "எங்க அத்தா சொல்லுவாரும்மா. அவரு கோட்டைமேட்டுல இருந்து இங்க கடை வெக்க வந்த புதுசுல நடந்தது" என்றார். அவர் அத்தா கடை வைத்தது எப்போது என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். வெள்ளைக்காரன் போய் இருபது வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பாய்க்கே அது கொஞ்சம் வருத்தமாகப் போய்விட்டது. அந்த டீயை இலவசமாகக் கொடுத்தார்.

மூன்றாவதாக ஃபிட்டர் மாமாவிடம் போனேன். இன்ஜின் ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்றவர். ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருந்தார். கிணத்துக்கடவுப் பக்கம் தோட்டத்துக் கூலிகளாக இருந்த குடும்பம். அந்த வீட்டிலிருந்து முதன்முதலாக ரயில்வே வேலைக்கு வந்தவர். கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக் கேக் எங்களுக்கு வரும், பொங்கலுக்கு எங்கள் வீட்டுக் கரும்பு அவர்களுக்குப் போகும். ஆனால் அப்பாவும் அவரும் நின்று பேசி நான் பார்த்ததில்லை. அதைப் பற்றி நான் யோசித்ததும் இல்லை. பெரியவர்கள் பேசிக்கொள்ளாமல் இருப்பதற்குக் காரணம் வேண்டும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அவர் ஒரு சக்கரத்தைச் சுழற்றிக் கோட்டம் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கேட்டதும் சக்கரத்தைக் கையால் நிறுத்தினார்.

"வெள்ளக்காரன் காலமெல்லாம் இல்லீங்க அம்மணி. உங்கம்மா கல்யாணமாகி வந்த வருசம் ஆரம்பிச்சது. உங்கம்மாதான் ஆரம்பிச்சுவெச்சாங்க."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. பிறகு அவர் சொன்னது இதுதான். அந்த வருடம் அப்பா கூட்ஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் பாசஞ்சர் டிரைவருக்குக் காய்ச்சல் என்று, பொள்ளாச்சியிலிருந்து திரும்பும் வண்டியை அப்பாவிடம் ஒப்படைத்தார்கள். பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்த புதுப்பெண்ணும் அதே வண்டியில் ஏறினாள். எங்கள் ஸ்டேஷனில் வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கவில்லை. பிளாட்பாரத்தைத் தாண்டி இரண்டு பெட்டி நீளம் போய் நின்றது. முன்பெட்டிக்காரர்கள் ஜல்லியில் குதித்து இறங்கினார்கள். ஒரு பெரியவருக்குக் கால் பிசகிவிட்டது. மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டார்கள். பிரேக் சரியாகப் பிடிக்கவில்லை என்று அப்பா எழுதிக் கொடுத்துவிட்டார். அன்று காலையில் அந்த வண்டியின் பிரேக்கைப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட்டிருந்தவர் ஃபிட்டர் மாமா.

"பொறவு என்னாச்சுங்க மாமா?"

"பொறவென்ன, பிரேக் வேலையில இருந்து என்னைய எடுத்துப்போட்டு சாம்பக்குழிக்கு அனுப்பிச்சுட்டாங்க. ஒரு வருசம் இன்ஜின் சாம்பல அள்ளுனேனுங்க. எங்கப்பன் ஆயுசு பூரா மம்பட்டி புடிச்சவரு. என்ற பையன் ஸ்பேனர் புடிக்கறான்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சவரு. ஒருநா என்னையப் பாக்கோணும்னு ஷெட்டுக்கு வந்தாரு. நான் குழிக்குள்ள மம்பட்டியோட நிக்கறேன். பாத்தாரு. வந்த வழியே திரும்பிப் போயிட்டாரு."

நோட்டில் நான் எதுவும் எழுதவில்லை. "பிரேக்கு நெசமாலுமே புடிக்கலீங்களா?" என்று மட்டும் கேட்டேன்.

"அது நான் பாத்த பிரேக்கு அம்மணி" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி சக்கரத்தைச் சுழற்ற ஆரம்பித்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா முறத்தில் வாழைப்பூ ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டேன். அவள் கையில் இருந்த பூவின் நரம்பை எடுத்துப் போட்டுவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.

"தெரியும் கண்ணு. உங்கப்பா என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தாரு. ஸ்டேசனுக்கு முன்னால வளைவுல வண்டி திரும்பறப்ப இன்ஜின் தெரிஞ்சுது. அவரு எட்டிப் பாத்தாரு. நானும் தலைய நீட்டிச் சிரிச்சேன். அந்தச் சிரிப்புல வண்டி நிக்காமப் போயிருச்சு."

அன்றைக்கே அவள் முடிவெடுத்துவிட்டாள், இனி அவர் ஓட்டும் வண்டியில் ஏறுவதில்லை என்று. காரணத்தை யாரிடமும் சொல்லவில்லை. டிரைவர் வீட்டு ஆள் ஏறினால் ஆகாது என்று மட்டும் சொல்லி வைத்தாள். கோபிப் பெண் சொல்கிறாளே, பெரியவர்கள் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் என்று அடுத்த வீட்டுக்காரியும் ஏறாமல் இருந்தாள். அதைப் பார்த்து அதற்கடுத்த வீடு. அந்த வீடுகளுக்கு வந்த மருமகள்களுக்கு இது மாமியார் காலத்து வழக்கம். மருமகள்களின் பிள்ளைகளுக்கு வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். என் ஊரின் நூறு வருட வரலாறு எனக்கு நாலு வயது மூத்தது, அவ்வளவுதான்.

"அப்பா பொய் எழுதிக் குடுத்தாருன்னு தெரிஞ்சும் ஏம்மா கேக்காம இருந்தே?"

"கேட்டா, எதுக்குத் திரும்பிப் பாத்தீங்கன்னு கேக்கோணும். அதுக்குப் பதிலு நான்தானே கண்ணு."

எனக்கு அம்மாவின் மேல் கோபம் வரவில்லை. அப்பாவின் மேல் வந்தது. நன்றாகவே வந்தது. பேச்சுக் குறைந்த மனிதர் அவர். ஷூவைத் தானே துடைத்துக்கொள்வார், சாப்பாட்டில் குறை சொல்லமாட்டார். பாசஞ்சர் டிரைவராகி வந்தபிறகு பிளாட்பாரத்தில் இன்ஜினை அவர் நிறுத்தும் இடம் ஒரு சாண் முன்னே பின்னே போனதில்லை என்பார்கள். கொய்யாப்பழம் விற்கிறவர்கள் அப்பா வண்டி என்றால் கூடையை முன்கூட்டியே பெட்டி வாசலுக்கு நேராக வைத்துவிடுவார்கள். அதையெல்லாம் சொல்லிச் சொல்லி நான் கல்லூரியில் பெருமையடித்திருக்கிறேன். இப்போது அந்த ஒழுங்கைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. ஒரு வார்த்தை எழுதி ஒரு மனிதரைக் குழிக்குள் இறக்கிவிட்டு, அதன்பிறகு ஒழுங்காக நிறுத்தி என்ன ஆகப்போகிறது. அவரிடம் கேட்கத் தைரியம் இல்லாததால் சாப்பாடு போடும்போது தட்டைச் சத்தமாக வைத்தேன். அவர் கண்டுகொள்ளவில்லை. கட்டுரையில் வழக்கத்தை விட்டுவிட்டு, கிணற்றைப் பற்றி எழுதிக் கொடுத்தேன். ஆதாரம் போதாது என்று திரும்பி வந்தது.

அப்பா ஓய்வுபெறும் நாள் ஜூலை மாதக் கடைசியில் வந்தது. ஓய்வுபெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். கோயமுத்தூரில் வீடு பார்த்தாகிவிட்டது, பாத்திரங்களைச் சாக்கில் கட்ட ஆரம்பித்துவிட்டோம். அதற்கு ஒரு வாரம் முன்பு, அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா சொன்னாள்:

"ஏனுங்க, கடைசி வண்டியில நான் ஏறோணுமுங்க."

அப்பா சோற்றிலிருந்து கையை எடுத்தார். "வேண்டாம்."

"ஒருக்கா மட்டுமுங்க. நான் ஏறி, வண்டி நிக்கற எடத்துல நின்னுதுன்னா எனக்கு நிம்மதி. இல்லீன்னா சாகற வரைக்கும் என்னாலதான், என்னாலதான்னு நெனச்சுக்கிட்டே கெடப்பேன்."

"கடைசி நாள்ல எதுக்கு இதெல்லாம்" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். இருவரும் இதற்கு முன் அந்தப் பேச்சை எடுத்ததே இல்லை என்பது அவர் எழுந்த வேகத்தில் தெரிந்தது. அதற்குப் பிறகு ஆறு நாள் வீட்டில் அந்தப் பேச்சு இல்லை. காற்று மட்டும் கதவுகளை அடித்துக்கொண்டிருந்தது.

கடைசி நாள் காலை அவர் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டிருந்தார். அம்மா டிபன் கேரியரைக் கொண்டுவந்து வைத்தாள்.

"மத்தியானம் பொள்ளாச்சியில நாங்க ஏறுவோமுங்க" என்றாள்.

அவர் மற்றொரு ஷூவின் நாடாவையும் கட்டி முடித்தார். கேரியரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

பஸ்ஸில் பொள்ளாச்சிக்குப் போனோம். அம்மா பச்சைப் பட்டுப் புடவை கட்டியிருந்தாள், கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி. ஸ்டேஷனில் வண்டி நின்றிருந்தது. அப்பா இன்ஜினிலிருந்து இறங்கி, பிளாட்பாரத்தில் எங்களைப் பார்த்ததும் நின்றார். அந்த நிமிடத்தில் என் கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை. யூனிபாரத்தில், வேலைக்கு நடுவில், அவரை அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததே இல்லை. அவர் முகத்தில் பயம் இருந்தது.

"எந்தப் பெட்டி?" என்று அம்மாவைக் கேட்டார்.

"மூணாவதுங்க."

"சன்னலோரம் உக்காரு. காத்து நல்லா வரும்."

வண்டி கிளம்பியது. அந்த ஒன்றரை மணி நேரப் பயணம் நிஜத்தில் நடந்ததுதானா என்று எனக்கு இப்போதும் சந்தேகம் வரும். தென்னந்தோப்புகள் ஒன்று முடிவதற்குள் இன்னொன்று தொடங்கின. காற்றில் மட்டைகள் எல்லாம் ஒரே பக்கம் வாரிவிட்டது போலிருந்தன. கிணத்துக்கடவுக் குன்றின் மேல் கோயில் வெகுநேரம் எங்களோடு வந்தது. வெயிலும் தூறலும் சேர்ந்தே அடித்தன. பெட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் தூங்கிவிட்டார்கள். தூங்காமல் இருந்தது நாங்கள் இருவர்தான். வளைவு வரும்போதெல்லாம் இன்ஜின் தெரியும், அதில் அப்பாவின் வெள்ளைச் சட்டைக் கை தெரியும். அம்மா அதைப் பார்ப்பாள். வளைவு முடிந்ததும் நேராக உட்கார்ந்துகொள்வாள். அவள் முகத்தில் நான் அதற்குமுன் பார்த்திராத ஒரு சந்தோஷம் இருந்தது. கோபியிலிருந்து வந்த அந்தப் புதுப்பெண்ணை அப்போது கொஞ்ச நேரம் நானும் பார்த்தேன்.

எங்கள் ஸ்டேஷனுக்கு முன்னால் கடைசி வளைவு ஒன்று உண்டு. அது வருவதற்கு முன்பே அம்மா எழுந்து ஜன்னல் பலகையை இறக்கிவிட்டாள். தாழ்ப்பாளையும் போட்டாள்.

"எதுக்கும்மா சாத்தறே?"

"நான் பாத்தா அவரு பாப்பாரு. வேண்டாம் கண்ணு. இத்தன தூரம் நல்லபடியா வந்தாச்சு." முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, பலகைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

நான் அடுத்த ஜன்னலுக்குப் போய்த் தலையை நீட்டினேன். வண்டி வளைவில் திரும்பியது. இன்ஜின் தெரிந்தது. அப்பா பாதி உடம்பை வெளியே நீட்டித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கையாட்டினேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. எனக்குப் பக்கத்தில், சாத்தியிருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிளாட்பாரம் வந்தது. அப்பாவோடு வேலை பார்த்தவர்களும் எங்கள் வரிசைக்காரர்களும் மாலைகளோடு நின்றிருந்தார்கள். டீக்கடை பாய் நின்றிருந்தார். பின்னால் தள்ளி, மாலை எதுவும் இல்லாமல் ஃபிட்டர் மாமா நின்றிருந்தார். அத்தனை பேரும் சிரித்தபடியே, மாலையைத் தூக்கிப் பிடித்தபடியே, மெதுவாக எங்களைக் கடந்து பின்னால் போனார்கள். சத்தமே இல்லாமல் போனது மாதிரிதான் எனக்கு நினைவிருக்கிறது. கொய்யாக் கூடைகள் போயின. ஊர்ப்பெயர் எழுதிய பலகை போனது. அதற்குப் பிறகுதான் பிரேக் பிடித்து வண்டி குலுங்கி நின்றது. முன்னால் சிக்னலுக்கு இன்னும் தூரம் இருந்தது, ஆபத்து ஒன்றுமில்லை. ஆனால் இன்ஜினும் இரண்டு பெட்டிகளும் பிளாட்பாரத்தைத் தாண்டி வெளியே நின்றன.

அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மாலைக்காரர்கள் ஜல்லியில் தடுமாறிக்கொண்டு இன்ஜினை நோக்கி ஓடிவந்தார்கள். நாங்களும் இறங்கி ஓடினோம். அப்பா இன்ஜினிலிருந்து இறங்கியிருந்தார். யார் முகத்தையும் பார்க்காமல், மாலைகளை விலக்கிக்கொண்டு, பின்னால் நடந்து வந்துகொண்டிருந்த ஃபிட்டர் மாமாவிடம் போய் நின்றார்.

"பிரேக்குல ஒண்ணுமில்லீங்க" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "அன்னைக்கும் ஒண்ணுமில்ல. நான் பொய் எழுதிப்போட்டேன்."

கூட்டத்தில் பாதிப்பேருக்கு எதுவும் புரியவில்லை. புரிந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். ஃபிட்டர் மாமா தோளில் கிடந்த துண்டை எடுத்து மறு தோளில் போட்டுக்கொண்டார்.

"தெரியுமுங்க" என்றார். பிறகு, "எங்கப்பன் இருந்தப்ப சொல்லியிருக்கலாமுங்க" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். ஃபிட்டர் மாமா அவரைத் தொடவில்லை, கட்டிக்கொள்ளவும் இல்லை. ஆனால் அங்கிருந்து போகவும் இல்லை.

ஸ்டேஷன் மாஸ்டர் நல்ல மனிதர். "கடைசி நாளுங்க, யாருக்கும் அடிபடல. எதுக்கு எழுத்துல கொண்டுபோறீங்க, விடுங்க" என்று அப்பாவைத் தன் அறைக்குக் கூட்டிப்போனார். அப்பா தாளை வாங்கி எழுதினார். பிரேக் நன்றாக வேலை செய்தது, நான் முன்னால் பார்க்காமல் பின்னால் பார்த்துக்கொண்டிருந்தேன், தவறு என்னுடையது, இதே ஸ்டேஷனில் முன்பு ஒருமுறை நடந்ததற்கும் காரணம் இதுவே. இங்கிலீஷில் நாலு வரி. கையெழுத்துப் போட்டு, மாஸ்டரிடம் கொடுப்பதற்கு முன்னால் அதை வெளியே கொண்டுவந்து ஃபிட்டர் மாமாவிடம் நீட்டினார். அவர் எழுத்துக் கூட்டி மெதுவாகப் படித்தார். இரண்டாவது தடவையும் படித்தார். மடிக்காமல் திருப்பிக் கொடுத்தார்.

அம்மா இன்னும் வண்டிப் பக்கத்திலேயே நின்றிருந்தாள். பச்சைப் புடவையின் கொசுவத்தில் கரி பட்டிருந்தது. கூட்டம் கலைய ஆரம்பித்தபிறகு அப்பா அவளிடம் வந்தார். நான் நகர்ந்துகொள்ளலாம் என்று நினைத்தேன், ஆனால் அங்கேயே நின்றேன்.

"பாத்தீங்களா, நான் ஏறுனா நிக்கறதில்ல" என்றாள் அம்மா. அழுதுகொண்டிருந்தாள்.

"எதுக்குப் புள்ள சன்னலச் சாத்துனே?"

"நீங்க திரும்பிப் பாக்கக்கூடாதுன்னுதானுங்க."

"எல்லாச் சன்னலும் தெறந்திருக்குது, உன்ற சன்னல் மட்டும் சாத்தியிருக்குது. உனக்கு என்னமோ ஆயிப்போச்சுன்னு பயந்துபோட்டேன்." அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "தெறந்திருந்தா ஒருக்காப் பாத்துப்போட்டு என்ற வேலையப் பாத்திருப்பேன்."

"அப்ப நான் இத்தன வருசம் ஏறாம இருந்தது?"

அப்பா வளைவுப் பக்கம் பார்த்தார். அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான்.

"இருபத்திநாலு வருசமா நீ இல்லாத வண்டியிலயும் அந்த வளைவுல ஒருக்காத் திரும்பிப் பாத்துப்போட்டுத்தான் புள்ள வந்தேன்" என்றார்.

அம்மா அப்படியே ஜல்லியின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.